நான் தள்ளிக் கூட்டிய மைலேஜ்

காலை ஆறரை மணிக்கு ராயபுரத்தில் ஒரு டீசல் பங்க்கில் என் பயணம் தொடங்கியது. சென்னைக்கு வருகிறவர்கள் மெரினா பார்ப்பார்கள், மகாபலிபுரம் போவார்கள். நான் கோவையில் ரயிலேறி, விடிய விடிய உட்கார்ந்து வந்தது ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டியைப் பார்க்க. பொள்ளாச்சியில் எங்கள் தோப்புக்கு ஒரு டிராக்டர் உண்டு. அது காய் இழுப்பதைவிட டீசல் இழுப்பதுதான் அதிகம். பிக்கப் வாங்கி, பின்னால் டிரெய்லர் மாட்டிக்கொண்டால் செலவு பாதியாகும் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டால் மட்டும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்வதில்லை. நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று 2003 ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள் கிளம்பிவிட்டேன்.

வண்டிக்காரர் பெரியநாயகம் பங்க்கில் காத்திருந்தார். எழுபது வயது, வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம், அதனால் விற்கிறார்.

"வாய் வரிக்கும் ரொப்பிக்கோங்க சார். போய் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. இதே பங்க்ல மறுபடியும் ரொப்புங்க. எவ்ளோ புடிக்குதோ அதான் வண்டி குடிச்சது. நான் சொல்ல வாணாம், டேங்க்கே சொல்லும்" என்றார்.

அது எனக்குப் பிடித்திருந்தது. டிரைவர் சூசை வழியும்வரை நிரப்பச் சொல்லி, நுரை அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். நாற்பது வயது இருக்கும், ஒல்லி. ஆறு வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறவர். கண்ணாடியைத் துடைத்தார், முன்னால் இருந்த மாதா படத்தைத் துடைத்தார், என்னை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. காலை நேரத்துச் சிடுசிடுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்குக் காசிமேட்டில் டிரெய்லரை மாட்டினோம். அதன்மேல் புத்தம்புது ஃபைபர் படகு, இருபத்தெட்டு அடி நீளம், நீலமும் மஞ்சளும். அதை வாங்கியவர் காத்திவாக்கத்துக் கன்னியம்மா. படகோடு அவரும் வந்தார், அவருடைய உறவுக்காரர்கள் நான்கு பேர் பிக்கப்பின் பின்பக்கம் ஏறிக்கொண்டார்கள். முன்னால் மூன்று பேர். நடுவில் நான், முழங்காலில் கியர். சூசை கியர் மாற்றும்போதெல்லாம் "காலு சார்" என்பார், நான் ஒடுங்குவேன். திட்டம் இதுதான்: படகைக் காத்திவாக்கத்தில் இறக்கிவிட்டு, அங்கே இருக்கும் ஒரு பழைய படகை மீஞ்சூருக்குப் பழுதுபார்க்க இழுத்துப் போய், மணலி வழியாக ராயபுரம் திரும்புவது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வலது பக்கம் கடல், கரையெங்கும் கருங்கல். இடது பக்கம் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. திருவொற்றியூரைத் தாண்டுவதற்குள் அந்த வரிசை எங்களையும் விழுங்கிவிட்டது. கன்னியம்மா கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சூசை இன்ஜினை அணைத்தார்.

வரிசை பத்தடி நகர்ந்தது. சூசை சாவியைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கதவைத் தட்டினார். பின்னாலிருந்த நால்வரும் குதித்து இறங்கி, வண்டியின் பின்பலகையிலும் படகின் விலாவிலும் தோள் கொடுத்தார்கள். கரையிலிருந்து கடலுக்குப் படகு தள்ளுகிறவர்களுக்குத் தார்ச்சாலை எம்மாத்திரம்! பக்கத்து லாரியின் கிளீனரும் வந்து கை கொடுத்தார். ஒரே மூச்சில் வண்டி, டிரெய்லர், படகு எல்லாம் நகர்ந்தன.

"நீ இன்னா குந்திக்கினு கீற? எறங்கு நைனா" என்றார் கன்னியம்மா.

இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் தள்ளினேன். விலைக்கு வாங்க வந்த வண்டியைத் தானே தள்ளி அதன் மைலேஜைக் கூட்டிக் கொடுத்த ஆள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கை எரிந்தது, உப்புக்காற்றில் உதடு கரித்தது. உண்மையைச் சொல்வதென்றால், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து பல நாள் ஆகியிருந்தது.

எட்டரை மணிக்குச் சாலையோரம் டீ குடித்தோம். டீ இரண்டு ரூபாய். சூசை டிரெய்லரின் கொக்கியைப் பார்க்கப் போனதும் கன்னியம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நெஜமாவே வாங்கிக்கினு பூடுவியா நைனா?"

"மைலேஜ் நல்லாருந்தா வாங்கிக்கலாமுங்க."

"பெரியவரு அவன்கிட்ட சொல்லிக்கீறாரு. ஈஸ்டருக்குள்ள ஆளு வரலன்னா வண்டிய நீயே வச்சிக்கோ, ஓட்டி ஓட்டி காச மாசாமாசம் அடைன்னு. இதுவரிக்கும் யாரும் வரல. நீ வந்துகீற."

ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போதும், டேங்க் காலியாகிவிடும், நான் வேண்டாம் என்று ஓடிவிடுவேன், வண்டி சூசைக்கு. அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் இறங்கித் தள்ள வைக்கிறாரே மனிதர்!

பத்து மணிக்குக் காத்திவாக்கம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து படகை இறக்கினார்கள். கன்னியம்மா தேங்காய் உடைத்தார். எங்கள் தோப்புக் காயைவிடச் சின்னக் காய், இருந்தாலும் மங்களமாக இரண்டாகப் பிளந்தது. கழிமுகத்து இறால் போட்ட குழம்பு சோறு. பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, முன்னால் கழுத்தளவுத் தண்ணீரில் இறால் பிடிக்கிறவர்களின் தலைகள். இப்படி ஒரு இடத்தில் இப்படி ஒரு குழம்பா என்று இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பழைய படகை ஏற்றிக்கொண்டு மீஞ்சூருக்குக் கிளம்பியபோது நானும் சூசையும் மட்டும்தான். மணலிப் புதுநகரைத் தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது. வண்டி அவருக்கே போகட்டும் என்று, டேங்க்கைக் காலியாக்கும் வேலையை நான் தொடங்கினேன்.

"கொஞ்சம் வேகமாப் போலாமுங்களே. எனக்கு ரயிலுக்கு நேரமாகுதுங்க."

"ரயிலு ராத்திரிதானே நைனா?"

"இருந்தாலுமுங்க."

"டிரைலர மாட்டிக்கினு அறுவதுல போனா டீஜல் பிச்சுக்கினு பூடும். காத்து மொத்தமும் படகுல அடிக்குது பாரு. நாப்பதுல போனா அலுங்காம வரும். கம்முனு குந்து."

ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்தார். "ஓடட்டுமுங்க, பரவாயில்ல, எம் பொறுப்பு" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"டீஜல இன்னா கொயாத் தண்ணின்னு நெனச்சிக்கினியா? யாரு காசா இருந்தா இன்னா? சும்மா நிக்கற வண்டி இன்னாத்துக்குக் குடிக்கணும்?"

அவருக்காக நான் டீசலை வீணாக்கப் பார்க்கிறேன். அவரோ வீணாக்கக் கூடாது என்று என்னோடு சண்டைக்கு வருகிறார். மீஞ்சூரில் படகை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் இறக்கம் வருவதற்கு முன்பே அவர் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிடும். ஹாரன் சத்தம்கூடக் குறைவு. மணலி சுத்திகரிப்பு ஆலையின் சுடர் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. "பாரு, சும்மா எரியுது" என்று அதைப் பார்த்தும் ஒரு பெருமூச்சு விட்டார்.

மாலை நான்கு மணிக்கு மறுபடியும் ராயபுரம், அதே பங்க், அதே குழாய். மீட்டரில் அறுபத்திரண்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. டீசல் ஏறியது. நான்கு, ஐந்து, ஆறு. நுரை அடங்கியதும் சூசையே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். சரியாக ஏழு லிட்டரில் நின்றது.

"ஒம்போது!" என்று கத்திவிட்டார் சூசை. "கிட்டத்தட்ட ஒம்போது குடுத்துக்கீது, லோடோட!" பானெட்டை ஓங்கித் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். தட்டிய கை அங்கேயே இருந்தது. சிரிப்பு மட்டும் போய்விட்டது.

எங்கள் டிராக்டர் இதில் பாதி கொடுத்தால் நாங்கள் அதற்கு மாலை போடுவோம். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். பெரியநாயகம் வந்ததும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்.

"வண்டி தங்கமுங்க. ஆனா எனக்கு வேண்டாமுங்க."

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் சூசை பாய்ந்துவிட்டார். "இன்னா நைனா இது? ஏயு லிட்டர்தான் குடிச்சிகீது, வாணான்றியே! இன்னா கொற கண்ட இதுல? சொல்லு!"

"கொறையே இல்லீங்க. ஆனா இந்த ஒம்போது வண்டி மட்டும் குடுத்ததில்லீங்க, உங்க கால் குடுத்தது. கால விட்டுப்போட்டு வண்டிய மட்டும் கொண்டுபோய் நான் என்ன பண்றது?"

பெரியநாயகம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "டேய், அவரே வாணான்னுட்டாரு, நீ இன்னாடா வித்துக் குடுக்கற? சாவிய எடுத்துக்கினு போடா. இனிமே யாரு வந்தாலும் வண்டி இல்லன்னு சொல்லிடறேன்" என்றார்.

சூசை சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சென்ட்ரலில் என்னை இறக்கிவிட்டது அவர்தான். இறங்கும்போது என் பையைப் பிடித்துக்கொண்டு, "மெய்யாலுமே வண்டி உனக்குப் புடிச்சிதா நைனா?" என்று கேட்டார். அது அவருக்கு முக்கியமாக இருந்தது. "ரொம்பப் புடிச்சுதுங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் பையை விட்டார்.

மறுவாரம் பொள்ளாச்சியில் தேங்காய் எடை மேடைக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எங்கள் டிராக்டர் நின்ற இடத்திலேயே புகை கக்கிக்கொண்டிருந்தது.

"பழனி, இன்ஜின ஆஃப் பண்ணப்பா" என்றேன்.

"வரிசை நகந்தா யாருங்க தள்றது?" என்றான் டிரைவர் பழனி.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் இறங்கினேன்.