பின் இருக்கை இல்லாத ஜீப்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாதி மாதம். வெளிநாட்டு வாகன இறக்குமதி நின்றுபோயிருந்ததால் ஓட்டை உடைசலுக்கெல்லாம் கிராக்கி இருந்த காலம். பருத்தித்துறைக்குக் கிழக்கே, தார் வீதி முடிந்து மணல் தொடங்குகிற இடத்துக்கும் அப்பால் உள்ள ஒரு கரையோரச் சிற்றூரில் பழைய ஜீப் ஒன்று விலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போனேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு லொறியில் கிளீனர், வன்னியில் மரம் ஏற்றும் வேலை, கட்டாரில் சில வருடம் கொங்கிறீட் என்று காலம் ஓடிவிட்டது. ஓரிடத்தில் இருக்க எனக்குப் பிடிக்காது. கல்யாணமும் சரிவரவில்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபோது ஒரே ஆசைதான் இருந்தது. மணலில் புதையாமல் போகக்கூடிய ஒரு சாதாரண வண்டி வேண்டும். பளபளப்பு வேண்டாம், குளிரூட்டி வேண்டாம். ஒரு பாயும் அடுப்பும் போட்டுக்கொண்டு கரையோரமாகச் சுண்டிக்குளம் வரை மெதுவாகப் போக வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்க வேண்டும்.

ஜீப் ஒரு பூவரச மரத்தின் கீழ் நின்றது. கன்வஸ் கூரை கிழிந்து, கதவுகள் வலைக்கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. அதன் சொந்தக்காரர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், கடல் தொழில் செய்தவர். சீனி வருத்தம் முற்றிக் கண்ணைப் பிடித்துவிட்டது. ஆட்கள் நிழல் மாதிரித்தான் தெரிகிறார்கள் என்றார்.

"பிரேக் பிடிக்குமோ அண்ணை?"

"மணலுக்கு என்னத்துக்கடா தம்பி பிரேக்? காலை எடுத்தால் தானாய் நிக்கும்."

பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். இருக்கை இல்லை. ஒரு நீளப் பலகையும் அதன்மேல் றெக்சின் தைத்த மெத்தையும் கிடந்தன. விலை குறைக்க நல்ல சாட்டு என்று நினைத்தேன்.

"பின் சீற்றை வித்துப்போட்டியள் போலை?"

"விக்கேல்லை. ஆக்களைப் படுக்க வைக்கக் கழட்டினது."

ஓட்டோவும் அம்புலன்சும் தார் வீதி முடிகிற இடத்தோடு நின்றுவிடுமாம். பிள்ளைப்பேறு, காய்ச்சல், கடலில் அடிபட்டவர்கள் எல்லாரும் இந்தப் பலகையில்தான் போனார்களாம். டிராக்டர் பெட்டியில் ஏற்றினால் குலுக்கிலேயே பாதி உயிர் போய்விடும் என்றார்.

"அப்ப இனி?"

"இனி என்ன? எனக்குக் கண் தெரியாது. இஞ்சத்தைப் பெடியள் மோட்டச்சைக்கிள் எண்டால் பறப்பாங்கள், இதிலை கை வைக்க மாட்டாங்கள். நான் மகளோடை கொழும்புக்குப் போறன். சும்மா நிண்டால் துருப்பிடிச்சுப் போகும்."

அது என்னுடைய கவலை இல்லை என்று எண்ணிக்கொண்டு சாவியை வாங்கினேன். அவர் பக்கத்தில் ஏறினார். ஒரு வட்டம் ஓடிப் பார்க்கலாம் என்று மாதா சுரூபத்தடி வரை போயிருப்போம். மீன் வாடிப் பக்கமிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடிவந்து வண்டியை மறித்தாள்.

அவளுடைய புருசன் விடிய வலை தட்டும்போது மணிக்கட்டில் ஏதோ குத்தியிருக்கிறது. கெளிற்று முள்ளாக்கும் என்று உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். வலையில் ஒரு கடற்பாம்பும் கிடந்தது. அரிசியில் கல் பொறுக்கி எறிவதுபோல அதையும் எடுத்து எறிந்திருக்கிறார். கடற்பாம்பின் கடி பெரிதாக நோகாது, வீங்கவும் மாட்டாது. மீனை நிறுத்துக் கொடுத்துச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை, கால் கல்லாய்க் கனத்தது.

ஜீப்பை வாடிக்கு விட்டு, அவரைத் தூக்கிப் பலகையில் படுக்க வைத்தோம். மனைவி தலையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த மணல் புதிது. பக்கத்தில் இருந்த சொந்தக்காரர் தன் கண்ணுக்குத் தெரியாத பாதையை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"முன்னுக்கு ரெண்டு வடலிப் பனை தெரியுதோ? நடுவாலை விடு. காலை எடுத்துப்போடாதை."

பின்னாலிருந்து தடித்த நாக்கோடு ஒரு குரல் வந்தது. "புது முதலாளியின்ரை முதல் ஓட்டம் என்னோடை. கைராசி எப்பிடியெண்டு பாப்பம்."

நாங்கள் சிரித்தோம். உண்மையாகவே சிரித்தோம்.

கொஞ்சத் தூரம் போக மனைவி சத்தம் போட்டாள். "ஐயோ, நித்திரை கொள்ளாதையுங்கோ!"

"நித்திரை இல்லையடி. இமை தூக்கேலாமல் கிடக்கு."

அதுதான் அவர் கதைத்த கடைசிக் கதை. ஆஸ்பத்திரி வாசலில் உயிரோடுதான் இறக்கினோம். மூச்சுக்கு மெசின் போட்டார்கள். கடித்தவுடன் வந்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒரு டாக்டர் சொன்னார். பொழுது சாயும் நேரம் அவர் போய்விட்டார்.

நான் வெளியே குழாயடியில் நின்றேன். அந்தப் பெண் அழுகை வற்றிய முகத்தோடு வந்தாள். "அண்ணை, இவரை வீட்டை கொண்டு போறதுக்கும் நீங்கள்தான் ஓடோணும். உந்த ஜீப்காரருக்குக் கண் தெரியாது."

மரண விசாரணைகள் முடிந்து மறுநாள் மத்தியானம் சவப்பெட்டியை ஜீப்பில் ஏற்றினோம். யாரோ முன்பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டினார்கள். ஊரில் அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. எல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்தன. மணல் தொடங்குகிற இடத்திலிருந்தே சனம் இரண்டு பக்கமும் நின்றது. பெட்டியைப் பார்த்த கண்கள் பிறகு வண்டியைப் பார்த்தன, அதன் பிறகு என்னைப் பார்த்தன. இறக்கும்போது ஒருவர் கேட்டார், "ஜீப் வாங்க வந்த ஆள் நீங்களோ?" நான் குனிந்து பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தேன்.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பும்போது சொந்தக்காரர் கேட்டார். "அப்ப எப்ப எடுக்கிறாய்?"

"வேண்டாம் அண்ணை. ஊரிலையே நிக்கட்டும்."

அவர் சிரித்தார். "நிண்டு? ஆர் ஓடுறது? நீ இருந்து ஓடுவியோ?"

ஒரு அறை, ஒரு பாய், சோறு தர நாலு வீடு. அந்த ஊரில் எனக்கு அவை கிடைத்திருக்கும். எனக்கென்று காத்திருக்க வேறெங்கும் யாரும் இல்லை. இருந்தும் நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

பஸ்ஸில் வரும்போது, வாங்காமல் விட்டதை ஒரு நல்ல காரியமாக நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் அந்த ஜீப்பைக் கண்டேன். பச்சை வர்ணம் அடித்து, பூ சுற்றி, அதே பின் பலகையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். நான் விட்டுக்கொடுத்ததால் அந்த ஊருக்கு ஜீப் மிஞ்சவில்லை.

இப்போதும் ஓரிடத்தில் நில்லாமல்தான் திரிகிறேன். நீ இருந்து ஓடுவியோ என்று சொந்தக்காரர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பஸ் ஏறியதே என் பதில் என்பது இப்போது விளங்குகிறது.