வெட்டுக்காரர் போட்ட லைன்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் சுற்றுவட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெட்டுக்காரர் என்றால் போதும், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிறவர். அஸ்திவாரம், வாய்க்கால், சாலையோரப் பள்ளம் என்று எதை வெட்டச் சொன்னாலும் வெட்டுவார். வெட்டச் சொல்லாததையும் வெட்டுவார் என்பதுதான் சிக்கல். குடிநீர்க் குழாயை வெட்டியிருக்கிறார், தொலைபேசிக் கம்பியை வெட்டியிருக்கிறார், ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குப் போகிற மின்கேபிளையும் வெட்டினார். அன்றைக்குப் பிள்ளைகள் அவரை வாயார வாழ்த்திக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

வெட்டியதைக்கூட ஊர் மன்னித்துவிட்டது. ஒத்துக்கொள்ளாததைத்தான் மன்னிக்கவில்லை. உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்துக்கொண்டிருக்கும். இவர் தொப்பலாக நனைந்த சட்டையோடு இருக்கையிலிருந்து தலையை நீட்டி, "நான் தொடவே இல்லையே. அது முன்னாடியே உடைஞ்சுதான் கிடந்துச்சு" என்பார். கூசாமல் சொல்வார். கேட்கிறவர்களுக்குத்தான் கூசும்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் ஊருக்கு இன்டர்நெட் கொண்டுவந்த நிறுவனம் வேலைக்கு வைத்தது. வேறு வழியில்லை, அந்தப் பக்கம் இருந்ததே ஒரே ஒரு இயந்திரம். பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் வரை பள்ளம் வெட்டி, குழாய் பதித்து, அதற்குள் கண்ணாடி இழை கேபிளைச் செலுத்த வேண்டும். செய்தி பரவியதும் டீக்கடையில் ஒரே சிரிப்பு. "நல்லதாப் போச்சு. போட்ட கையோட அவரே வெட்டிடுவாரு" என்றார் கடைக்காரர்.

வெட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய ஒரே மகள் நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் கணினியில் கோப்புகளைச் சரிபார்க்கிற வேலை. வீட்டில் நல்ல இணைப்பு இருந்தால் அங்கிருந்தே பார்க்கலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஊரில் இருந்ததோ பாதிப் பேச்சை விழுங்கிவிடுகிற செல்போன் சிக்னல். அம்மாவும் மகளும் "கேக்குதா, கேக்குதா" என்று கேட்டே நேரத்தைத் தீர்த்துவிடுவார்கள். போனில் பேச முடியாததாலேயே அவள் மாதம் தவறாமல் பஸ் பிடித்து வந்துவிடுவாள். திரும்பிப் போகும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவாள்.

"லைன் மட்டும் வரட்டும்மா. பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடறேன்."

அம்மா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சந்தையில் வெங்காயம் விற்கிறவள் அவள். மகளின் அறையில் அடுக்கி வைத்திருந்த மூட்டைகளை எல்லாம் கூடத்துக்கு இழுத்துப்போட்டு, அறைக்கு வெள்ளையடித்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் வெங்காயத்தைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

அந்தப் பள்ளத்தை வெட்டுக்காரர் வெட்டிய விதத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. குடிநீர்க் குழாய் குறுக்கே போகிற இடம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். முதலில் கடப்பாரை, பிறகு மண்வெட்டி, கடைசியில் மண்டியிட்டு வெறுங்கையாலேயே மண்ணை அள்ளினார். குழாய் தெரிந்ததும் அதைத் துண்டால் துடைத்துவிட்டார். எதுவும் உடையவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

லைன் வந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ், நோயாளியின் படத்தை நகரத்து டாக்டருக்கு அனுப்பி உடனே பதில் வாங்கினார். டீக்கடைக்காரர் பாட்டுப் போட்டு அக்கம்பக்கத்தாரின் உயிரை வாங்கினார். வெட்டுக்காரர் வீட்டில் கூடத்து அலமாரியின் மேல் இன்டர்நெட் பெட்டியை வைத்து, வயரை அலமாரிக்குப் பின்னால் இழுத்துவிட்டார்கள். அன்றைக்கே மகள் செல்போன் திரையில் வந்தாள். 

"அம்மா, உன் மூக்குக்கண்ணாடியில இருக்கிற கீறல்கூடத் தெரியுது!"

"சரி, எப்ப வரே?"

"வரேம்மா. இந்த மாசம் வேலை கொஞ்சம் அதிகம்."

அடுத்த மாதமும் வேலை அதிகமாகத்தான் இருந்தது. அதற்கடுத்த மாதம், "தினமும்தான் பார்த்துக்கறோமே, எதுக்கும்மா அலையணும்?" என்றாள். அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது. நெரிசலில் நின்றபடி பஸ்ஸில் வருகிறவர்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். கூடத்தில் கிடந்த மூட்டைகள் ஒவ்வொன்றாக மகளின் அறைக்குத் திரும்பிப் போயின.

வெட்டுக்காரர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். மகளை வீட்டுக்கு வரவழைக்கத்தான் பார்த்துப் பார்த்து அந்தப் பள்ளத்தை வெட்டினார். வந்துகொண்டிருந்தவளையும் அது நிறுத்திவிட்டது. வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை இப்படி வந்து முடிந்ததே என்று நொந்துகொண்டார்.

பிறகு அவர் வெளியூரில் வாய்க்கால் வேலைக்குப் போயிருந்த சமயம், வீட்டு லைன் செத்துப்போனது. மகள் கூப்பிட்டுப் பார்த்தாள், திரையில் யாரும் வரவில்லை. செல்போனில் அடித்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, அம்மா எடுக்கவில்லை. அப்பாவைப் பிடித்தால் இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. அவ்வளவுதான், அடித்துப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பேச்சு சரியாகக் கேட்காமலே பயந்துபோய் வெட்டுக்காரரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். உள்ளே அம்மா கல்லுக்குண்டாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"லைன் இல்லைடி. அப்பா எங்கயாவது வெட்டியிருப்பாரு" என்றாள்.

"நான் ஊர்லயே இல்லையே!" என்றார் வெட்டுக்காரர். வாழ்நாளில் முதல்முறையாக அது உண்மையாக இருந்தது.

லைன்மேன் வந்தார். ஊரில் மற்ற வீடுகளுக்கெல்லாம் லைன் இருந்தது, இந்த வீட்டுக்குத்தான் இல்லை. அவரிடம் பேனா மாதிரி ஒரு கருவி இருந்தது. வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, அதன் வழியாக இழைக்குள் சிவப்பு வெளிச்சத்தைச் செலுத்தினார். இழை எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே அந்த வெளிச்சம் கசியும்.

"அண்ணே, உள்ள எங்கயாவது சிவப்பாத் தெரியுதா பாருங்க!"

வெட்டுக்காரர் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சுவரோரம் ஒரு சிவப்புப் பொட்டு மின்னியது. குனிந்து வயரைக் கையில் எடுத்தார். அறுந்த கேபிள்களை அவர் பார்த்த அளவுக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எலி கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும், இயந்திரம் இழுத்தால் பிய்ந்து தொங்கும். இது ஒரே சீவலில் நறுக்கியிருந்தது. வயர் நுனியை மூக்கருகே கொண்டுபோனார். வெங்காய வாசனை.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வெட்டிட்டேன்" என்றார் வெட்டுக்காரர். "அலமாரியை நகர்த்தும்போது... கவனிக்கலை."

லைன்மேன் உள்ளே வந்து விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டுக்குள்ளகூட விட்டு வைக்கலையா அண்ணே?"

மகள் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவையே உற்றுப் பார்த்தாள். எந்தக் காலத்தில் இவர் எதை ஒத்துக்கொண்டிருக்கிறார்? தண்ணீரில் நனைந்துகொண்டே குழாயைத் தொடவே இல்லை என்று சொன்ன மனுஷன். அவள் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா. நீயா?"

"ஏன், இந்த ஊர்ல எல்லாத்தையும் அவரேதான் வெட்டணுமா?" என்றாள் அம்மா. "என் கண்ணாடியில கீறல் தெரியுதுன்னு சொன்னியே. நீ இளைச்சிருக்கியா இல்லையான்னு எனக்கு அந்தப் படத்துல தெரியலைடி. கையைப் பிடிச்சுப் பார்த்தாத்தானே தெரியும்?"

மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். அம்மா வெங்காயக் கையோடு மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். இளைத்துத்தான் இருந்தாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டுக்கொண்டார்கள். வெட்டுக்காரருக்கு அந்த வசதியும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

லைன்மேன் சங்கடப்பட்டுக்கொண்டு இழையை ஒட்டுவதற்கு மெஷினை எடுத்தார். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, வயரை உள் ரூம் வரைக்கும் இழுக்க முடியுமா? நான் அங்க உக்காந்துதான் வேலை பார்க்கணும்."

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முதல் மூட்டையை வெளியே இழுக்க எழுந்து போனாள்.

"இழுக்கலாம். ஆனா சுவர்ல ஒரு ஓட்டை போடணும்" என்றார் லைன்மேன்.

"ஓட்டையை நான் போடறேன்" என்று வெட்டுக்காரர் முன்னால் வந்தார்.

"வேண்டாம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.