அக்காவின் பால்வாடியும் நான் சாய்த்துப் பிடித்த தலைகளும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு வந்த கட்டுரைகளை எல்லாம் பிழைதிருத்தும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். டீச்சர் அல்லவா! எல்லோரும் அக்காவை மனதாரப் புகழ்ந்திருக்கிறார்கள். “அக்கா பால்வாடி நடத்தினார், தங்கை பள்ளிக்கூடத்தில் தொடர்ந்தார்” என்று சித்தப்பா மகன் என்னையும் சேர்த்துப் புகழ்ந்திருக்கிறான். அந்தப் பால்வாடி ஏன் நின்றது என்று ஒருவரும் எழுதவில்லை. எழுத வேண்டியவள் நான்.

அக்கா பிறந்தது கரையாம்புத்தூரில். எட்டாவது முடித்ததும் பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மாமா ஐந்தே வருடத்தில் காலமானார். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரச் சொன்னார்கள், அக்கா வரவில்லை. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து இந்த ஊர்ப் பள்ளிக்கே வேலைக்கு வந்தபோது, என்னை இங்கேயே கட்டிக்கொடுக்கப் பேசி முடித்ததும் அவர்தான். தங்கை கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசைதான் அவருக்கு வினையாகப் போனது.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு கூரைக் கொட்டகையில், மாதர் சங்கத்தின் பெயரில் பால்வாடி தொடங்கியது. ஒன்பது மணிக்குத் திறந்தால் போதும் என்பது மேலிடத்து உத்தரவு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களோ விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதனால் அக்கா விடியும்போதே கொட்டகையைத் திறந்துவிடுவார். வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பது போலத் தாய்மார்களுக்கும் முறை வைத்தார். தினம் ஒருத்தி வயலுக்குப் போகாமல் பிள்ளைகளோடு இருப்பாள். அவள் பங்கு நடவை மற்றவர்கள் சேர்ந்து முடித்துக் கொடுப்பார்கள். கரும்பு ஆலை ஆடும் நாளில் நிலக்காரர்கள் வீட்டிலிருந்து வெல்லம் வரும். ஊரே சேர்ந்து வளர்த்த பிள்ளைகள் அவர்கள்.

அதன் பலனை முதலில் அனுபவித்தவள் நான். அக்காவிடம் இருந்து வரும் பிள்ளை முதல் வகுப்பில் அழாது. புளியங்கொட்டையை வைத்து இருபது வரை எண்ணும். தண்ணீர் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்கும். “டீச்சர் கை பட்டால் பிள்ளை தேறிடும்” என்று ஊரில் எனக்குப் பெயர். அக்கா சமைத்து வைத்ததைப் பரிமாறிவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், முதல் வகுப்பில் சேரப் பிள்ளைகள் போதவில்லை. எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் போக வேண்டும். கடைசியாக வந்தவள் நான். காரைக்காலுக்கு மாற்றுவார்கள் என்று பேச்சு. எனக்குக் கைக்குழந்தை, வீட்டுக்காரருக்கு இங்கே நிலம். பயந்துபோனேன். பயம் என்று சொல்லி இன்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. பயந்தவர்கள் எல்லோரும் நான் செய்ததைச் செய்வதில்லை.

பால்வாடிப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போனேன். “அங்க பாட்டுதான் பாடுதுங்க. இங்க வந்தா எழுதக் கத்துக்கும்” என்றேன். என் அக்கா செய்த வேலையை அப்படிச் சொன்னேன். டீச்சர் வாசலுக்கு வந்து சொன்னால் யார் மறுப்பார்கள்?

பிறப்புப் பதிவு கொண்டு வராத பிள்ளைக்கு அப்போது ஒரே சோதனைதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. நான் கூட்டி வந்த எட்டுப் பிள்ளைகளில் ஒன்றுக்கும் கை எட்டவில்லை. தலையை லேசாகப் பிடித்துச் சாய்த்தால் விரல் நுனி காதில் பட்டுவிடும். எட்டுத் தலைகளையும் நானே சாய்த்துப் பிடித்தேன்.

கடைசியாக நின்றவள், நடவுக்குப் போகிற அஞ்சலையின் மகள் குமாரி. நான்கரை வயதுகூட இருக்காது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அக்கா நிற்கிறார்.

“இன்னாடி பண்ற? கை எட்டலியே.”

“எட்டுதுக்கா. பாரேன்.”

“நீ சாச்சிப் புடிச்ச, எட்டுச்சி. நாளைக்கி பாடம் எட்டலன்னா யாருடி புடிப்பா?”

நான் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா போய்விட்டார். தலைமையாசிரியரிடமோ மேலதிகாரியிடமோ அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலையே போயிருக்கும். சொல்லவில்லை.

அடுத்த மாதம் பால்வாடிக்கு ஆய்வு வந்தது. எண்ணிக்கை குறைவு என்று எழுதிப் போனார்கள், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அரசு கொடுத்துவந்த கோதுமை ரவையும் எண்ணெயும் நின்றன. பெண்கள் வீட்டுக்கொரு பிடி அரிசி போட்டு ஒரு போகம் வரை ஓட்டினார்கள். பிறகு முடியவில்லை. கொட்டகை பூட்டப்பட்டதும், மூன்றாவது நான்காவது படித்த பெண் பிள்ளைகள் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். அக்கா களையெடுக்கப் போனார். எனக்குக் காரைக்கால் தப்பியது.

குமாரி முதல் வாரத்திலேயே வகுப்பில் பாவாடையை நனைத்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அடக்க வேண்டிய நானே அவளைத் திட்டி வெளியே நிற்க வைத்தேன். முதல் வகுப்பிலேயே இரண்டு முறை தங்கினாள். மூன்றாவது வருடம் வரவில்லை. எட்டு வயதில் கரும்புத் தோகைக் கட்டு சுமந்து போவதைப் பார்த்தேன். அஞ்சலை என்னை வழிமறித்து, “நீங்கதான டீச்சர் கை எட்டுதுன்னு சொன்னீங்க?” என்று கேட்டார். சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே தெரியாமல் கேட்டார். மணி அடித்துவிட்டது என்று சொல்லி நடையைக் கட்டினேன்.

அக்கா அதன் பிறகும் எனக்குக் கேழ்வரகு அடை கொடுத்து அனுப்பினார், என் பிள்ளைகளுக்குத் தலை வாரினார். பால்வாடிப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “தப்பு பண்ணிட்டேங்கா” என்றேன்.

“எங்கிட்ட எதுக்குடி அழுவுற? எங்கிட்ட இன்னா இருக்குது? போய் அஞ்சலகிட்ட சொல்லு.”

அஞ்சலை அப்போது கூஜாவோடு அறை வாசலில்தான் நின்றிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே போனேன்.

இந்த ஜூனில் குமாரி தன் மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தாள். குழந்தை கையைத் தலைக்கு மேல் போட்டது. நான் என் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எட்டவில்லை. “அடுத்த வருஷம் கூட்டிகினு வாம்மா” என்றேன். “அதுவரைக்கும் எங்க டீச்சர் வுடறது? நான் நடவுக்குப் போவணுமே” என்றாள். ‘அக்காவிடம் விடு’ என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன்.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்த உறவினருக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், நடவுக்கூட்டத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கண்மூடும்வரை பக்கத்தில் இருந்தவர் அஞ்சலை. அவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. மன்னிப்புத்தான் கேட்க வேண்டும்.

இந்த மலரின் ஒரு பிரதியை அவர் வீட்டுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. குமாரிக்கும் தெரியாது, அதற்குக் காரணம் நான். நினைவு நாள் படையல் முடிந்ததும் நானே அங்கே போய் உட்கார்ந்து, இந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து அவர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

— தங்கை