வறுத்த ராகியும் அண்ணியின் தாப்பாயும்

மலாயாவில், பத்து பகாட் ஊரில், என் அண்ணி ஒரு கல்யாண வீட்டுக்குச் செய்த தாப்பாய் என்ற புளித்த இனிப்புச் சோற்றைக் கெடுத்தவன் நான். கெடுத்தது அறியாமை. கெட்டபின் வாயை மூடிக்கொண்டிருந்தது அயோக்கியத்தனம். நான் தப்பு என்று சொல்வது இரண்டாவதைத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. அண்ணன் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸர், அதாவது மருந்து கட்டுபவர். நான் டவுனில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். கிருமி என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் ஆட்டிப்படைத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைக்கவேண்டும், கரண்டியைக் கொதிக்க வைக்கவேண்டும், பால் கொண்டுவரும் செம்பையும் கொதிக்க வைக்கவேண்டும்.

"தம்பி, உங்களையும் ஒருதரம் கொதிக்க வச்சு எடுத்துட்டா வீடு சுத்தமாயிடும்" என்பார் அண்ணி.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய் அம்மா. மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். அண்ணிக்குத் தாப்பாய் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒட்டும் புளூட் அரிசியை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, ராகியைப் பொடித்துத் தூவி, ரப்பர் இலையில் பொட்டலம் கட்டிப் பானையில் மூடி வைப்பார்கள். இந்த ராகி நம் கேழ்வரகு அல்ல. அரிசிமாவில் பிடித்த வெள்ளை வில்லை. இரண்டு மூன்று நாளில் சோறு குழைந்து, தேன் மாதிரி சாறு விட்டு இனிக்கும். அண்ணியின் கை மக்சிக்குக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. தன் மூத்த மகள் கல்யாணத்துக்கு ஒரு பானை அண்ணியே போடவேண்டும் என்று கேட்டுவிட்டார். மலாய்க் கல்யாணத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் தாப்பாய்! அண்ணி ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. போடுகிறவர் குளித்துவிட்டு வரவேண்டும். முடிக்கும்வரை பேசவோ சிரிக்கவோ கூடாது, மீறினால் தாப்பாய் முறுக்கிக்கொள்ளும், இனிக்காது. எங்கள் வீட்டில் ஓயாமல் பேசுகிறவர் அண்ணி ஒருவர்தான். அவர் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அண்ணன், "மக்சிக்கிட்ட சொல்லி தினமும் ஒரு பானை போட வைக்கலாமா?" என்றார். அண்ணி புரையேறும் அளவுக்குச் சிரித்துவிட்டார்.

அதற்குச் சற்று முன்புதான், அண்ணி கொல்லையில் இலை பறிக்கப் போயிருந்த நேரத்தில், நான் அடுப்படியில் அந்த ராகி வில்லைகளைப் பார்த்தேன். தூசியும் உமியும் ஒட்டிக் கிடந்தன. ஓர் ஈ வேறு உட்கார்ந்திருந்தது. சுகாதார வாத்தியாருக்குப் பொறுக்குமா? சூடான இரும்புச் சட்டியில் போட்டு நன்றாக வறுத்து, ஆறவைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு.

கல்யாணத்தன்று பொட்டலத்தைப் பிரித்தார்கள். சோறு விறைத்துப்போய் அப்படியே இருந்தது. இனிப்பும் இல்லை, சாறும் இல்லை. மக்சிக் பானையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். மற்றப் பெண்கள், "போடும்போது யார் பேசினது?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணிக்கு முகம் செத்துவிட்டது.

"எல்லாம் உங்களாலதான். என்னைச் சிரிக்க வச்சீங்க" என்று வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அழுதார். அதன்பின் அவர் தாப்பாய் போடவில்லை. மக்சிக் வீட்டுப் பக்கமும் போகவில்லை. அண்ணனும் வேடிக்கை பேசுவதை விட்டுவிட்டார். வறுத்ததைச் சொல்லியிருக்கலாம். கிருமியைக் கொன்றால் கெடுதல் வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தேகம் இல்லாமல் இல்லை.

அடுத்த வருஷம் வகுப்பில் சீரணப் பாடம் வந்தது. மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. சங்கிலியாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது. எச்சிலில் உள்ள நொதி அதன் கண்ணிகளை அறுத்துப் போடும். அறுத்துவிட்டுத் தான் தேயாமல் அடுத்த கண்ணிக்குப் போகும். அதனால் துளி போதும். இதைக் காட்ட, கஞ்சித் தண்ணீரில் பையன்களைத் துப்பச் சொன்னேன். அப்படி ஒரு உற்சாகத்தை எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை. சற்றுப் பொறுத்து அயோடின் சொட்டு விட்டோம். மாவு இருந்தால் நீலமாகவேண்டும், ஆகவில்லை. காய்ச்சிய எச்சில் கலந்த கஞ்சி மட்டும் மை மாதிரி நீலமானது. சூட்டில் நொதியின் உருவம் குலைந்துவிடும். பிறகு அது எதையும் அறுக்காது.

எனக்கு இரும்புச் சட்டி ஞாபகம் வந்தது. ராகியிலும் அதே வேலையைச் செய்யும் நொதியைச் சுரக்கும் பூஞ்சணம் இருக்கிறது. அதை உயிரோடு வறுத்தவன் நான்.

அன்று சாயங்காலமே அண்ணனின் மருந்துப் பெட்டியிலிருந்து அயோடினை எடுத்து, அடுப்படியில் கஞ்சியை வைத்து, அண்ணனைத் துப்பச் சொல்லி, அதில் பாதியைக் காய்ச்சி, காய்ச்சிய எச்சில் விட்ட கிண்ணம் மட்டும் நீலமாவதைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி நீலக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். "அப்ப நான் சிரிச்சதால இல்லியா?"

"இல்ல அண்ணி. நான் வறுத்ததால."

"ஒரு வருஷமா இந்த மனுஷனை நான் பேசாத பேச்சு இல்ல. நீங்க பக்கத்துல உட்கார்ந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தீங்க."

அண்ணன்தான், "விடு, இவனுக்குப் பொண்ணு பார்க்கும்போது சொல்லிக்கலாம்" என்றார். அண்ணி சிரிக்கவில்லை. "மக்சிக்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார்.

போய்ச் சொன்னேன். "அலமாக்! ராகியை வறுத்தியா?" என்று மக்சிக் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் கம்பம் என்னும் அந்த மலாய்க் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் நான் சைக்கிளில் போகும்போதெல்லாம் யாராவது ஒரு பெண், "சிக்கு, இன்னிக்கு என்ன வறுத்தீங்க?" என்பாள். வாத்தியாருக்கு அங்கே சிக்கு. மக்சிக் அன்றே வந்து அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அண்ணி மறுபடி ஒரு பானை போட்டார். பேச்சுக்கும் நொதிக்கும் சம்பந்தமில்லை என்றேன். "நீங்க வெளிய இருங்க" என்றார். இந்த முறை பிரித்ததும் சாறு விரல் வழியாக வழிந்தது. ஆனால் மக்சிக்கின் மூத்த மகள் மூவார் ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அவள் கல்யாணத்தன்று தின்றிருக்கவேண்டியது. ஒரு தூக்குச்சட்டி நிறைய வாங்கிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். வெயிலில் அது மேலும் புளித்துப் பொங்கி என் வெள்ளைக் கால்சட்டையில் ஒழுகியது. பஸ் முழுக்கக் கள்ளுக்கடை வாசனை. டிக்கெட் கிழிப்பவர், "சார், காலையிலேயேவா?" என்றார்.

அந்தப் பெண் வாசலிலேயே நின்று ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்றாள்; இன்னொன்றையும் தின்றாள். குழந்தை பிறந்ததும் வைக்கும் விருந்துக்கு அண்ணி இங்கே வந்து போடவேண்டும், அவரை விட்டால் வேறு யாரையும் கேட்கமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணி உள்ளே திரும்பி, "ஏங்க, மூவாருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று அண்ணனைக் கேட்டார்.