நீ யாரு ஆளும்மா?

ஜனநாயகத்தின் பெருமையைப் பேசுவோர் வாக்காளரைச் சொல்வர், வேட்பாளரைச் சொல்வர், அமைச்சரையும் அவருடைய காரோட்டியையும்கூடச் சொல்வர். பட்டியலில் பெயர் சேர்க்கவும் நீக்கவும் பேனா பிடித்திருக்கும் தாலுகா அலுவலக எழுத்தரை மட்டும் விட்டுவிடுவர். எழுபதுகளில் செங்கல்பட்டு வட்டாரத்து அலுவலகம் ஒன்றில் அந்தப் பேனாவைப் பிடித்திருந்தவள் நான். ஒரு கண் சட்டப்புத்தகத்திலும் மறு கண் மேலதிகாரியின் முகத்திலுமாகக் காலந்தள்ளிய, என்னைப் போல் கோப்புச் சுமந்த தோழர்களே, இந்த நினைவுகள் உங்களுக்காக.

தேர்வெழுதிய குற்றம்

பொருளாதாரத்தில் முதுகலை முடித்து, தேர்வெழுதி, தரவரிசைப்படி வேலைக்கு வந்தேன். எனக்கு ஒதுக்கிய நாற்காலியில் தற்காலிக ஊழியராக ஒருவர் அமர்ந்திருந்தார். ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் மாணிக்கத்தின் மைத்துனர். ஆறு மாதத்தில் அவர் அலுவலகத்தில் எழுதியது தம் பெயர் மட்டுமே, அதுவும் வருகைப் பதிவேட்டில். நான் வந்ததால் அவர் போக வேண்டியதாயிற்று.

மறுநாளே மாணிக்கம் என் மேசைமுன் நின்றார். "நீ யாரு ஆளும்மா?" என்றார். யாருடைய ஆளும் இல்லை, தேர்வெழுதி வந்தேன் என்றேன். என் அறியாமைக்காக அவர் மெய்யாகவே இரங்கினார். "பரீட்சை எல்லாருந்தான் எழுதுறான். யாரு சொல்லிப் பாஸ் போட்டாங்க, அத்தச் சொல்லு."

இரு கூட்டத்துக்கும் பஜ்ஜி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், புயலன்று கடல் ஏறி ஒரு வரிசைக் குடிசைகளைக் கொண்டுபோயிற்று. வீடிழந்தோர்க்கு மேட்டு நிலத்தில் மனைப்பட்டா தருவதென முடிவாயிற்று. கிராம முன்சீப் அனுப்பிய பட்டியலை எடுத்துக்கொண்டு நேரில் சரிபார்க்கச் சென்றேன். பட்டியலில் இருந்த சிலர் ஓட்டு வீட்டிலிருந்து எழுந்து வந்து, வீடிழந்தவருக்குரிய முகத்தோடு கும்பிட்டனர். பட்டியலில் இல்லாத ரஹமத் பீ, கடற்கரையில் பஜ்ஜி விற்கும் விதவை, மூன்று அடுப்புக்கற்களைக் காட்டி, "இதாம்மா என் வூடு" என்றார். இரு மகள்களோடு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தங்கியிருந்தார். பள்ளி திறந்தால் அதுவும் இல்லை.

அவர் பெயர் ஏன் இல்லை என்று முன்சீப்பைக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு கட்சிக் கூட்டத்துலயும் பஜ்ஜி போட்டு வித்துச்சும்மா. எப்படி நம்புறது?"

காகிதத்துக்கு அஞ்சியவர்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தர் கோப்பில் எழுதும் குறிப்புக்கு வரிசை எண், தாளுக்குப் பக்க எண்; எதையும் கிழிக்க இயலாது. மறுக்க விரும்பும் அதிகாரி அடியில் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நான் ஓட்டு வீட்டுக்காரர்களை நீக்கி, ரஹமத் பீயைச் சேர்த்து, "அடுப்புக்கல் தவிர ஏதும் எஞ்சவில்லை" என்று எழுதினேன். மாணிக்கம் தாசில்தாரிடம் சென்றார். தாசில்தார் என்னை அழைத்து, பட்டியலைப் பழையபடி ஆக்கச் சொன்னார். நல்ல மனிதர், பதவி உயர்வு நெருங்கியிருந்ததால் நல்லதனத்தைச் சிறிது காலம் ஒத்திவைத்திருந்தார்.

நான் பணிவோடு அடுத்த குறிப்பை எழுதினேன்: "வட்டச் செயலாளர் விரும்பியவாறும், தாங்கள் வாய்மொழியாகக் கூறியவாறும் ரஹமத் பீயின் பெயரை நீக்கலாமா? ஆணைக்காக." கோப்பு நான்கு நாள் அவர் மேசையில் செய்தித்தாளுக்கு அடியில் தலைமறைவாக இருந்தது. ஐந்தாம் நாள் "நீக்க வேண்டியதில்லை" என்றெழுதிக் கையொப்பமிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, சொன்னா காதுல வாங்கிக்கக் கூடாதா? எதுக்கு எல்லாத்தையும் பேப்பர்ல ஏத்துற?"

ஆட்சி மாறியது, கடல் மாறவில்லை

அந்தக் கோப்பு மேலிடம் சென்று, நில அளவையாகித் திரும்புவதற்குள் ஆட்சியே மாறிவிட்டது. பள்ளி திறந்துவிட்டதால், ரஹமத் பீ படகு மறைவில் சாக்குப்படுதா கட்டி மகள்களோடு ஒடுங்கியிருந்தார். புதிய ஆளுங்கட்சியின் செயலாளர் புதிய பட்டியலோடு வந்தார். அதில் ரஹமத் பீ அப்போதும் இல்லை. மாணிக்கம் பக்கத்தாரும் ஒருவர் விடாமல் நீக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான மாணிக்கத்தின் தங்கையின் குடிசையை மெய்யாகவே கடல் கொண்டிருந்தது. தாசில்தார் கையொப்பமிட்ட பழைய கோப்பை நான் பிரித்துக் காட்டினேன். தேர்தலில் வென்றவருக்கு ஆளும் உரிமை உண்டு. எவர் குடிசை போயிற்று என்பதைக் கடல் முன்பே தீர்மானித்துவிட்டது என்றேன். "நீ பழைய ஆளுங்க ஆளு" என்று முறைத்துவிட்டு அவர் போனார்.

அன்று மாலை மாணிக்கம் வந்தார். வேட்டியில் கட்சிக் கரை இல்லை. தங்கை பெயர் இருக்கிறதா என்று தயங்கிக் கேட்டார். இருக்கிறது என்றேன். சற்று யோசித்தார், முகம் மலர்ந்தது. "அப்ப நீ எங்க ஆள்தானாம்மா? மொதல்லயே சொல்லிருக்கலாமில்ல?"

பஜ்ஜிப் பொட்டலம்

பட்டா வழங்கிய நாளில் ரஹமத் பீக்கும் மாணிக்கத்தின் தங்கைக்கும் அடுத்தடுத்த மனை அமைந்தது. ரஹமத் பீ பட்டாவை முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு பொட்டலத்தை நீட்டினார். அரசு ஊழியர் வாங்கக் கூடாது என்று மறுத்தேன்; மணம் வேறு கருத்துச் சொன்னது. அவர் வற்புறுத்தவில்லை. "ரெண்டு கட்சிக்காரனும் உன்னிய அடுத்தவன் ஆளுன்னு ஏசிக்கினு கீறான். அதனாலதான் எனக்கு வூடு கெடச்சுது. நீ இப்டியே இருந்துக்கோம்மா."

இப்படியே இருந்ததன் பலனாக அடுத்த மாதமே கருங்குழிக்கு அப்பால் மாற்றப்பட்டு, பதவி உயர்வு இருமுறை தள்ளிப்போய், துணைத் தாசில்தாராக ஓய்வுபெற்றேன்; வழியனுப்பு விழாவுக்கு எந்தக் கட்சிக்காரரும் வரவில்லை என்பதையே என் நற்சான்றிதழாக வைத்திருக்கிறேன்.