காஞ்சிருச்சுங்களா?

அதைக் கேட்கும்போது அவளுடைய உள்ளங்கை டாக்டரின் முகத்துக்கு நேராக நிற்கும். "காஞ்சிருச்சுங்களா?" பாலக்காட்டில் நாங்கள் இருவரும் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில், தோலில் தடவிய ஸ்பிரிட் உலரும் வரை காட்டரியைத் தொடக் கூடாது. ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் அந்தக் கருவியின் ஒரு பொறி போதும், ஈர ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். விதி எல்லோருக்கும் தெரியும். கேட்டவள் அவள் மட்டும்தான். தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பெருமாட்டிக்காரி. என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மலையாளியான பெரிய டாக்டர்கூட அவளுடைய தமிழைப் பிடித்துக்கொண்டு, கத்தியை எடுக்குமுன் "காஞ்சிருச்சுங்களா?" என்று சிரிப்பார். எனக்கு வயிறு எரியும். அவருடன் பன்னிரண்டு வருஷம் நின்றவள் நான். என் வார்த்தை ஒன்றுகூட அவர் வாயில் ஏறியதில்லை.

அவள் லீவு போட்டிருந்த ஒரு நாள், கள் இறக்கும் ஒருவருக்குக் கழுத்துக் கட்டி ஆபரேஷன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பச்சைத் துணியைப் போர்த்தும்போதே கழுத்து மடிப்பில் ஈரம் பளபளத்ததை நான் பார்த்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவளைப் பார்த்துச் செய்கிறேன் என்று டாக்டர் சிரிப்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன். காட்டரி பட்டதும் துணிக்கடியில் குப்பென்று பற்றியது. மயக்க டாக்டர் ஆக்சிஜனை அடைத்தார். நான் துணியைப் பிய்த்து எறிந்து, கிண்ணத்திலிருந்த உப்புநீரைக் கொட்டினேன். நொடிகளில் அணைந்தது, ஆனாலும் காதோரம் வெந்துவிட்டது. என் கைவேகத்தை எல்லோரும் மெச்சினார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் உடைகூட மாற்றாமல் என்னிடம் வந்தாள்.

"காஞ்சிருச்சான்னு கேட்டீங்களாக்கா?"

"கேட்டனே. நல்லாக் காஞ்சிருந்துச்சு."

நம்பிவிட்டாள். அதுதான் வினை. காய்ந்த பிறகும் பற்றுகிறதென்றால் நாம் காத்திருப்பது போதாது என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து இரண்டு மடங்கு நேரம் கையைத் தூக்கிப் பிடித்தாள். பெரிய டாக்டரின் சிரிப்பு நின்றுபோயிற்று. நேரத்தை வீணடிக்கிறாள் என்று கடைசியில் வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை.

இப்போது தியேட்டருக்கு நான்தான் பொறுப்பு. கேட்காமல் விடுவதில்லை. புது டாக்டர்கள் அதை என் வார்த்தை என்றே நினைக்கிறார்கள்.

போன மாதம் அந்தக் கள் இறக்குபவர் ஏதோ பரிசோதனைக்கு வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு கும்பிட்டார்.

"நீங்கதானுங்க காப்பாத்துனீங்க. அந்த இன்னொரு சிஸ்டரு, பாவம், கட்டிலுக்கே வந்து மன்னிப்புக் கேட்டாங்க. அன்னைக்கு நான் லீவு போட்டிருக்கக் கூடாதுங்கன்னு."

வெட்கம் வந்திருக்க வேண்டிய இடத்தில் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது. நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பையும் அவளே கேட்டு முடித்திருந்தாள்.