ஜெயதிவாகரை ‘அவங்க’ என்று சொன்னவள்

பிலோமினா டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, காபிக்குப் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. அப்படியே ஆட்டோ பிடித்து, பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஒரு பெரிய மலர்வளையம். ‘எழுத்தாளர் ஜெயதிவாகருக்கு எங்கள் அஞ்சலி’ என்று ரிப்பனில் இருந்தது. கீழே ஒரு சென்னைப் பதிப்பகத்தின் பெயர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாத நாவல்களில் கொலையும் கடத்தலுமாக எழுதிக் குவித்த ஜெயதிவாகரை ஒன்றுவிடாமல் படித்தவள் நான். அவரும் இன்றைக்கேவா போனார்? பிலோவின் அண்ணன் மகன் ஆல்பர்ட்டைக் கூப்பிட்டு, “தம்பி, இது வீடு மாறி வந்திருக்கு பாரு” என்றேன்.

“இல்ல ஆன்ட்டி, சரியாத்தான் வந்திருக்கு. அத்தைதான் ஜெயதிவாகர். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

தெரியாது. இத்தனை வருஷம் அவள் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவளுக்குத் தெரியாது.

உங்களுக்கெல்லாம் அவள் கண்டிப்பான கணக்கு டீச்சர். “விடை மட்டும் எழுதினா மார்க் கிடையாது, எப்படி வந்துச்சுன்னு காட்டு” என்று பிள்ளைகளின் நோட்டைத் திருப்பிக் கொடுப்பாள். தன் விஷயத்தில் ஒரு வரிகூட யாருக்கும் காட்டாமல் போய்விட்டாள், கெட்டிக்காரி.

ஸ்டாஃப் ரூமில் நான் ஜெயதிவாகர் புராணம் பாடும்போதெல்லாம் அவள், “அவங்க இந்தத் தடவை அவசரத்துல முடிச்சிட்டாங்க” என்பாள். “ஆம்பளையைப் போய் அவங்கங்கறியே, அவருன்னா என்ன?” என்று கிண்டல் செய்வேன். “மரியாதைப்பா, எழுத்தாளராச்சே” என்று சிரிக்காமல் சொல்வாள். அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதுதான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணவர் ஆனேக்கலில் இன்னொரு குடும்பம் வைத்திருந்ததை நான் சொன்னது பிலோ ஒருத்தியிடம்தான். சனிக்கிழமையானால் ஓவர்டைம் என்று கிளம்பிவிடுவார். எல்லாம் தெரிந்தும் அவருக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பேன். காலையில் எடுத்து நாய்க்குப் போடுவேன். சர்ச் காம்பவுண்டு பெஞ்சில் அவள் தோளில் சாய்ந்து அதைச் சொல்லி அழுதேன்.

அடுத்த வருஷம் ஒரு ஜெயதிவாகர் நாவலில் அந்தத் தட்டு வந்தது. ஊர் மட்டும் ஓசூர். புருஷன் கொலையாகிவிடுகிறான், மூடி வைத்த தட்டைப் பார்த்து இன்ஸ்பெக்டர் மனைவியைச் சந்தேகப்படுகிறார். எனக்கோ, இந்த வேதனை மெட்ராஸில் யாரோ ஒரு மனுஷனுக்கும் புரிந்திருக்கிறதே என்று அழுகையும் ஆறுதலுமாக வந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடமே ஓடினேன். “பாரு பிலோ, கூடவே இருந்து பாத்தமாதிரி எழுதியிருக்காரு!”

எழுதினவளே அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள். “எல்லா வீட்லயும் நடக்கறதுதானே. அவங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க” என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வாரத்தோடு தட்டு வைப்பதை நிறுத்தினேன். அந்தத் தைரியம் புத்தகம் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனாலும் “சரசா, இதை எழுதிக்கட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே பிலோ. என் வீட்டு அடுக்களையைக் கடையில் தொங்கவிட்டுவிட்டு, மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் கேட்டாயே.

அவள் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னான் ஆல்பர்ட். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவள்மேல் உள்ள கோபம் இருக்கிறது, அது போதும். என் துக்கம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர் என்று இவ்வளவு காலமும் தெம்பாக இருந்தேன்: ஒருத்தி என் பக்கத்தில், ஒருவர் மெட்ராஸில் எங்கேயோ. இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.